தண்ணீர்த் தொட்டி மேல் அப்பா

“அப்ப அத சாப்பிட வைக்கவே முடியாதா மாமா?”

“வைக்கலாம் நட்சு. அஞ்சு நிமிஷ வேலை. ஆனா அதுக்கப்புறம் அது உங்க அப்பாவா இருக்காது. வெறும் காக்காவாயிடும்.”

ஜெரால்ட் மாமா இதைச் சொன்னபோது நாங்கள் மொட்டை மாடியில் நல்ல வெயிலில் நின்றுகொண்டிருந்தோம். கைப்பிடிச் சுவரின் மேல் வாழையிலை. இலையில் சோறு, பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், ஒரு வடை. எல்லாம் காய்ந்து விறைத்துவிட்டன. எதிரே தண்ணீர்த் தொட்டியின் மூடி மேல் அப்பா உட்கார்ந்திருந்தார்.

காக்கை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. “அப்பா வந்துட்டாரா பாரு”, “அப்பாவுக்கு இலை போட்டாச்சா” என்றுதான் பேச்சு. அது ஒரு இயந்திரம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். இறகு எங்கே முடிந்து கம்பி எங்கே ஆரம்பிக்கிறது என்றுகூட எனக்குத் தெரியும், நான் தடவிப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் அது தலையை இடதுபக்கம் சாய்த்து ஒரு பார்வை பார்க்குமே, எரிந்துபோன மோட்டாரைக் கையில் வாங்கியதும் அப்பா பார்ப்பாரே, அதே பார்வை. அதற்குப் பிறகு யாருக்கு இறகும் கம்பியும் கண்ணில் படும்?

காக்கைக் காய்ச்சல் வந்து ஊரில் ஒரு காக்கைகூட மிஞ்சாமல் போனபோது நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். முதலில் யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. குப்பைத் தொட்டிப் பக்கம் சத்தம் குறைந்தது என்று சந்தோஷப்பட்டவர்கள்கூட உண்டு. அமாவாசை வந்த பிறகுதான் விஷயம் உறைத்தது. எங்கள் உறையூரில் எந்த மாடியைப் பார்த்தாலும் குளித்து முழுகி இலையோடு நிற்கிற மனிதர்கள், கா கா என்று காலி வானத்தைப் பார்த்துக் கூப்பிட்டுக்கொண்டு. அணில் வந்து தின்றது. சிலர் புறாவுக்கு வைத்துப் பார்த்தார்கள். “புறாவப் பாத்தா யாரோ வழிதவறி வந்தவரு மாதிரி இருக்கு, நம்ம வீட்டு ஆளா தெரியல” என்று பக்கத்து வீட்டு மோகனா ஆன்ட்டி சொன்னது தெரு முழுக்கப் பரவியது.

அப்போதுதான் வாயசம் என்ற நிறுவனம் இயந்திரக் காக்கைகளை விட்டது. கூப்பிட்டால் வரும், சோற்றை அலகில் எடுக்கும், கொண்டுபோய்க் காவிரியில் மீன்களுக்குப் போடும். ஜனங்கள் நிம்மதியாகச் சாப்பிட உட்கார்ந்தார்கள். நிம்மதி நீடிக்கவில்லை. எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி காக்கை வந்து ஒரே மாதிரி எடுத்துக்கொண்டு போனால், அது யார் வீட்டு அப்பா? ஆகவே அடுத்த வகை வந்தது. சொந்தக் காக்கை.

ஜெரால்ட் மாமா அங்கேதான் வேலை பார்த்தார். என் அக்கா தாரணியைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவர் என்பதால் முன்கூட்டியே மாமா என்று கூப்பிட்டு வெட்கப்பட வைப்பது என் பொழுதுபோக்கு. அவர்கள் வீட்டில் சர்ச், எங்கள் வீட்டில் சமயபுரம். அப்பா அதைப் பற்றி ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: “அந்தப் பையன் ஸ்க்ரூவக் கழட்டுனா அதே ஓட்டையில திருப்பிப் போடறான்மா. அது போதும்.”

அப்பா பெயர் இளஞ்செழியன். பாலக்கரையில் மோட்டார் காயில் கட்டுகிற கடை. வீட்டுக்குள் வரும்போதே வார்னிஷ் வாடை வந்துவிடும். எங்கள் தட்டுகளைச் சுற்றிக் கரண்டியோடு நடந்தபடி, எந்த மில்லில் எந்த மோட்டாரை எந்தப் புத்திசாலி எரித்தான் என்று கதை சொல்லுவார். அம்மா சிரித்துப் புரையேறினால் தலையில் தட்டுவார். ஒருநாள் பாதி கட்டிய காயிலை மடியில் வைத்தபடியே கடையில் சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரி வரை போக நேரமில்லை.

அடக்க முடியாமல் அழுதது ஜெரால்ட் மாமாதான். அவராகவே வந்து அம்மாவிடம் கேட்டார், அங்கிளுக்கு நான் ஒரு காக்கை செய்து தரட்டுமா என்று.

“அது எப்படிப்பா அவராகும்?” என்று அம்மா கேட்டாள்.

“போன், கடை கேமரா, வீட்டு கேமரா, கையில கட்டியிருந்த வாட்ச் எல்லாத்துலயும் அங்கிள் இருக்காரும்மா. எதுக்குச் சிரிச்சாரு, எதுக்கு மூஞ்சியத் திருப்புனாரு, எப்ப எழுந்து போனாருன்னு எல்லாத்தையும் அது படிச்சுக்கும். பேசாது. நீங்க சோறு வெச்சா எடுக்கறதா வேணாமான்னு மட்டும் முடிவு பண்ணும். அவர் இருந்தா என்ன பண்ணுவாரோ, அது.”

“மனசுக்குத் திருப்தியா இருந்தா எடுக்கும்?”

“எடுக்கும்மா.”

“இல்லாட்டி?”

“இல்லாட்டி குழம்புல உப்பு இல்லன்னு அர்த்தம்மா. வேறென்ன” என்றாள் தாரணி. அன்றைக்கு நாங்கள் எல்லோரும் சிரித்தோம்.

முதல் அமாவாசையில் அப்பா தொட்டி மேல் வந்து உட்கார்ந்ததும் அம்மாவுக்குக் கண்ணீர் நிற்கவில்லை. இலையை வைத்தோம். அப்பா இறங்கி வந்தார். சுவரின் ஓரத்தில் நின்று இலையைப் பார்த்தார். பிறகு அம்மாவை, தாரணியை, என்னை, ஒவ்வொருவராகப் பார்த்தார். திரும்பப் பறந்து தொட்டி மேல் உட்கார்ந்துகொண்டார். பொழுது சாயும்வரை அசையவில்லை. இருட்டினால் காக்கை தன் கூண்டுக்குப் போய்விடும். அது போன பிறகு அம்மா இலையைச் சுருட்டி எடுத்துவந்தாள். நாங்கள் கீழே போய், ஆறிப்போன சோற்றில் தண்ணீர் ஊற்றி விழுங்கினோம்.

அடுத்த அமாவாசைக்கு அவருக்குப் பிடித்த கருணைக்கிழங்கு. அதற்கடுத்து மீன் குழம்புகூட வைத்துப் பார்த்துவிட்டாள் அம்மா, விரத நாளில், சாஸ்திரத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு. ஒவ்வொரு தடவையும் அதேதான். இறங்கி வருவார், மூன்று பேர் முகத்தையும் பார்ப்பார், திரும்பிப் போய்விடுவார்.

பக்கத்து மாடியில் மோகனா ஆன்ட்டி வீட்டுக்காரரின் காக்கை இலை சுவரைத் தொடுவதற்குள் பாய்ந்து எடுக்கும். “உசுரோட இருக்கும்போதும் இப்படித்தான். தட்டு வர ஒரு நிமிஷம் லேட்டானா வீடே அதிரும்” என்று ஆன்ட்டி பெருமையாகச் சொல்வாள். அம்மா அந்தப் பக்கம் பார்க்காமல் நிற்பாள்.

கடையை வாடகைக்கு விட்டிருந்தோம். அதனால்தானோ என்று அம்மா வாடகைக்காரரைக் காலி செய்யச் சொன்னாள். கடை பூட்டிக் கிடந்தது. அப்பா எடுக்கவில்லை. அப்புறம்தான் மதியழகன் சித்தப்பா வந்து, எல்லோர் மனதிலும் ஓடியதை வாய்விட்டுச் சொன்னார்.

“அண்ணன் என்னிக்காச்சும் எதையாவது வேணாம்னு வாயத் திறந்து சொல்லிப் பாத்திருக்கீங்களா அண்ணி? மூஞ்சிக்கு நேரா சொல்லத் தெரியாத மனுஷன். இப்பதான் இந்தக் கல்யாணம் வேணாம்னு சொல்றாரு. அந்தக் காக்காவக் கொண்டாந்தது யாருன்னு யோசிச்சுப் பாருங்க.”

நான் ஜெரால்ட் மாமாவை மாடிக்கு வரச் சொன்னது அதற்காகத்தான். வேலைக்கு நடுவே மதியத்தில் ஓடி வந்திருந்தார். எடுக்க வைத்துவிடுங்கள், கல்யாணம் நடந்து முடியட்டும் என்று கேட்கத்தான் கூப்பிட்டேன்.

“செய்யலாம் நட்சு” என்று திரும்பச் சொன்னார். “ஆனா அங்கிள் ஏமாத்துறவங்கள கடைக்குள்ளயே விடமாட்டாரு. அவரையே ஏமாத்தி அவர் பொண்ண நான் கட்டறதா?”

மாடிப்படிக் கதவு கிரீச்சிட்டது. அம்மா கையில் தண்ணீர்ச் சொம்போடு நின்றுகொண்டிருந்தாள். எப்போதும் அவள்தான் கடைசியாக மேலே வருவாள்.

“அவரு வேணாங்கறத வேணுங்கற மாதிரி மாத்தப் பாக்குறீங்களா?”

“நான் மாட்டேன்னுதாம்மா சொன்னேன்” என்றார் ஜெரால்ட் மாமா.

“மாத்த முடியும்னு தெரிஞ்சு வெச்சிருக்கீங்கல்ல. போதும் தம்பி.”

அன்று மாலை, இந்தக் கல்யாணம் வேண்டாம் என்று அம்மா சொன்னபோது தாரணி கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். “உயிரோட இருந்தப்ப சரின்னு சொன்னாரே, அவரு அப்பா இல்லையா? தொட்டி மேல உக்காந்திருக்கறதுதான் அப்பாவா?” என்று மட்டும் கேட்டாள்.

“அப்ப நமக்காகச் சரின்னு சொன்னாரோ என்னவோ. மனசுல என்ன இருந்துச்சுன்னு யாரு கண்டா. இது மனசையும் சேத்துல்ல படிச்சிருக்கு.”

யோசித்துப் பாருங்கள், உயிரோடு இருந்த மனிதரின் சம்மதத்தைவிட அவரைப் பிரதி எடுத்த இயந்திரத்தின் மௌனம் பெரிதாகிவிட்டது. வாழ்ந்தவர் பொய் சொல்லியிருக்கலாம், இயந்திரம் பொய் சொல்லாது. அம்மாவின் கணக்கு அவ்வளவுதான்.

கல்யாணம் நின்றது. ஜெரால்ட் மாமா கோயம்புத்தூர்க் கிளைக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு போனார். தாரணி ஓசூரில் ஒரு வேலை தேடிக்கொண்டாள். கிளம்பும்போது மாடிக்கு ஏறி, தொட்டிக்கு எதிரே நின்று, “வரேன்ப்பா. இனி நிம்மதியா சாப்பிடுங்க” என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அடுத்த அமாவாசையிலும் அப்பா எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு அம்மா தினமும் இலை போட ஆரம்பித்தாள். என்னை மட்டும் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகச் சொல்லுவாள். தான் மட்டும் மாடியில். நான் திரும்பி வரும்போது சொம்போடு அங்கேயே உட்கார்ந்திருப்பாள்.

“சுகர் மாத்திரை போட்டுட்டு இப்படி பட்டினி கெடக்கக் கூடாதும்மா.”

“சாயங்காலம் சாப்பிடுறேன்ல.”

“அது மெஷின்மா.”

“தெரியும்டி. நீதான் மெஷினுன்னு சொல்ற. மழை பெஞ்சா முதல்ல குடைய எடுத்துட்டு ஓடுறதும் நீதான்” என்று சிரித்தாள். பிறகு, “அவரு வெறும் வயித்தோட உக்காந்திருக்கறதப் பாத்துக்கிட்டே எனக்கு எப்படி இறங்கும்?” என்றாள்.

ஒருநாள் இலையோடு படியேறும்போது விழுந்தாள். ஆஸ்பத்திரியில் கண் திறந்தபோதும், இலை போட்டாயா என்றுதான் கேட்டாள். போட்டேன் என்று சொன்னேன். உண்மையாகவே போட்டுவிட்டுத்தான் வந்திருந்தேன். எடுத்தாரா என்று கேட்டாள். எடுத்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. தலையை மட்டும் ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று அவளுக்குப் புரிந்ததா தெரியவில்லை. மறுநாள் போய்விட்டாள்.

அம்மாவின் கருமாதிக்கு ஜெரால்ட் வந்திருந்தார். விரலில் மோதிரம் இருந்தது. போன வருஷம் கல்யாணம் ஆகிவிட்டதாம். பந்தல் ஓரமாக யாரும் கூப்பிடாமல் நின்றுகொண்டிருந்தவரிடம் போய், “சாப்பிட வாங்க அண்ணா” என்றேன். அண்ணா என்றதை அவர் கவனித்தார். பந்தியில் வந்து உட்கார்ந்தார்.

நான் எதிரே நின்று பரிமாறினேன். ஓசூரிலிருந்து வந்த தாரணி பின்னால் சோற்று வாளியோடு வந்துகொண்டிருந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டது எனக்கே வலித்தது. ஏதாவது பேச வேண்டுமே என்றுதான் அவர் பேச ஆரம்பித்திருக்க வேண்டும்.

“உங்க வீட்ல நான் முத முதலா சாப்பிட்டதும் இதே இடந்தான் நட்சு. உங்க அப்பா கரண்டியோட நின்னுட்டே இருந்தாரு. எனக்குச் சங்கடமா போச்சு. நீங்களும் உக்காருங்க அங்கிள்னேன். கேக்கவே மாட்டேன்னுட்டாரு. வீட்ல கடைசி ஆள் கை கழுவாம எனக்குச் சோறு இறங்காதுப்பா, நீ சாப்புடுன்னாரு. உங்க அம்மா கடைசியா சாப்பிட்டு எழுந்து…”

கையில் பிசைந்த சோறு அப்படியே நின்றது.

“நட்சு. அமாவாசைக்கு நீங்கல்லாம் எப்ப சாப்பிடுவீங்க?”

“காக்கா எடுத்தப்புறம்.”

“எல்லாருமேவா? அதுக்கு முன்னாடி யாருமே வாயில எதுவும் வைக்க மாட்டீங்களா?”

“எப்படி வைப்பாங்க? இதுகூடத் தெரியாமயா காக்கா கம்பெனியில இருக்கீங்க?”

“எங்க வீட்ல கல்லறைத் திருநாளுக்கு மெழுகுவத்தி கொளுத்துவோம், ஜெபம் பண்ணுவோம், வந்து சாப்பிட்டுருவோம். நீங்க சாப்பிட்டுட்டு, அவர் பங்க எடுத்து வைக்கறீங்கன்னே நெனச்சிட்டு இருந்தேன். கம்பெனியில யாரும் இதப் பேசல நட்சு. மத்த காக்கா எல்லாம் இலை வெச்ச உடனே எடுத்துடுதே. கேள்வியே வரல.”

“வராது” என்றது தாரணியின் குரல். வாளியை இறக்கி வைத்திருந்தாள். “மத்த வீட்ல எல்லாம் மொத தட்டு அப்பாவுக்கு.”

சுற்றிலும் ஆட்கள் ரசம் கேட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்கள் அவருக்காகக் காத்திருந்தோம். அவர் எங்களுக்காகக் காத்திருந்தார். இத்தனை அமாவாசையும் அந்த மாடியில் நடந்தது அவ்வளவுதான். ஒவ்வொரு முகமாகப் பார்த்து அவர் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே கேள்வியை. உயிரோடு இருந்தபோது தினமும் கேட்டதுதான். சாப்டாச்சா?

“அப்ப அப்பா உன்ன வேணாம்னு சொல்லல” என்றாள் தாரணி.

“சொல்லல தாரணி.”

அவள் அவர் மோதிரத்தைப் பார்த்தாள். பிறகு குனிந்து வாளியிலிருந்து ஒரு கரண்டி சோற்றை அள்ளி அவர் இலையில் வைத்தாள். “சாப்பிடு. ஆறிடும்” என்று சொல்லிவிட்டு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

அடுத்த அமாவாசைக்குத் தாரணி ஓசூரிலிருந்து வந்தாள். இருவரும் சேர்ந்து சமைத்தோம். சுவரில் அப்பாவுக்கு ஓர் இலை, மாடித் தரையில் எங்களுக்கு இரண்டு இலை. அப்பாவுக்கு முன்னால் சோற்றில் கை வைத்தபோது எனக்கு உடம்பு கூசியது. தாரணி வேகமாகச் சாப்பிட்டாள். பாதியில் அவளுக்குப் புரையேறியது. நான் தலையில் தட்டினேன்.

அப்பா இறங்கி வந்தார். சுவர் ஓரத்தில் நிற்கவில்லை. நேராக இலையின் நுனிக்கே வந்துவிட்டார். தாரணி எழுந்து கை கழுவுவதைப் பார்த்தார். நான் கழுவுவதைப் பார்த்தார். அலகு சோற்றுக்கு அவ்வளவு பக்கத்தில் போனது. தாரணி என் ஈரக் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அவர் தலையை இடதுபக்கம் சாய்த்து மாடிப்படிக் கதவைப் பார்த்தார்.

அம்மா எப்போதும் கடைசியாகத்தானே வருவாள், சொம்போடு. அவர் கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். சோறு காய்ந்தது. வெயில் இறங்கியது. இந்தத் தடவை அவர் தொட்டிக்குக்கூடத் திரும்பிப் போகவில்லை. இலை நுனியிலேயே, இதோ வந்துவிடுவாள் என்பது போல.

கீழே வந்து ஜெரால்டுக்குப் போன் செய்தேன்.

“அம்மா செத்துட்டாங்கன்னு அதுக்குச் சொல்ல முடியாதா அண்ணா?”

“அவர் போனதுக்கப்புறம் நடந்த எதையும் அது சேத்துக்காது நட்சு. சேத்துக்கிட்டா அவர் வேற ஆளா மாறிட்டே போவாருன்னு நாங்களே அடைச்சு வெச்சிட்டோம். ஒண்ணு பண்ணலாம். அம்மாவ அதுலேருந்து எடுத்துடலாம். வீட்ல நீங்க ரெண்டு பேருதான்னு நெனச்சுக்கும். எடுத்துடுவாரு.”

“அம்மாவோட வாழ்ந்தது?”

“இருக்காது.”

“எவ்ளோ நேரமாகும்?”

“அஞ்சு நிமிஷம்.”

தாரணி பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “எடுக்கச் சொல்லுடி” என்றாள். “இந்த வீட்ல ஒருத்தராவது சாப்பிடட்டும்.” சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டாள். அவள் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அம்மாவைத் தெரியாத ஒருவர் வந்து எங்கள் சோற்றை எடுத்துக்கொண்டு போனால், அவருக்கும் மோகனா ஆன்ட்டி வீட்டு மாடிக்கு வருகிறவருக்கும் என்ன வித்தியாசம் இருக்கப்போகிறது? விட்டுவிட்டால், பேட்டரி தேய்ந்து தீரும்வரை அந்த மனிதர் கதவைப் பார்த்துக்கொண்டே நிற்பார், வராத ஒருத்திக்காக, வெறும் வயிற்றோடு.

நாளைக்கு அமாவாசை. வாழைக்காய் வாங்கி வைத்துவிட்டேன். ஜெரால்ட் அண்ணா இன்னும் என் பதிலுக்குக் காத்திருக்கிறார். நீங்கள் இருந்தால் என்ன செய்வீர்கள், சொல்லுங்களேன். அப்பா சாப்பிட வேண்டும் என்பதற்காக, அவருக்கு அம்மாவை இல்லாமல் ஆக்கிவிடலாமா?